சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்

“ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விடாதே!” இந்த அதட்டலைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் குறைவு. சாக்லேட்டுக்கும் அது பொருந்தும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

பிள்ளைகள் கேட்டார்களே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ன்ஃபிளேக்ஸுக்குக் காரச் சாக்லேட் பூச உட்கார்ந்தேன். பளபளவென்று உருகி நின்ற சாக்லேட்டில், கழுவிவிட்டுத் துடைக்காத கரண்டியை விட்டேன். நாலு சுற்று சுற்றுவதற்குள் எல்லாம் களிமண்ணாக இறுகி, கரண்டியோடு உருண்டு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். கோகோ வெண்ணெயில் மிதக்கும் சர்க்கரைப் பொடியும் கோகோத் துகள்களும் சேர்ந்ததே சாக்லேட். அதில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். ஒரு சொட்டு விழுந்ததும் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இன்னும் சில கரண்டி வெந்நீர் ஊற்றினால் சர்க்கரை கரைந்து மறுபடி இளகும். ஆனால் அது குழம்புதான், பூச உதவாது. எங்கள் வீட்டில் அன்று அது சூடான பாலில் கலந்து செலவானது.

அடுத்த முறை ஈரத்தை எதிரியாக வைத்தே வேலையைத் தொடங்கினேன். 100 கிராம் கார்ன்ஃபிளேக்ஸ், 200 கிராம் டார்க் சாக்லேட், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

முதலில் கார்ன்ஃபிளேக்ஸை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி ஆறவிட வேண்டும். காய்ந்த மாவுச்சத்து கண்ணாடி மாதிரி விறைப்பாக இருப்பதால்தான் கடித்தால் நொறுங்குகிறது. காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் அந்த விறைப்பு தளர்ந்துவிடும். ‘நமத்துப் போச்சு’ என்கிறோமே, அது இதுதான்.

சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்கைத் துருவித் தனியே வைத்துவிட்டு, மீதியை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு கிண்ணத்தில் உருக்குங்கள். ஆவி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. 45 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, துருவலைப் போட்டு, 32 டிகிரிக்கு வரும்வரை கிளற வேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பைத் தரும், ‘டக்’கென்று உடையும், சுமார் 34 டிகிரியில், அதாவது வாயில் போட்டதும், உருகும். கடையில் வாங்கிய சாக்லேட் ஏற்கெனவே அந்த வகையில் உறைந்தது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, துருவல் மற்றதையும் தன் வழிக்கு இழுக்கிறது. தெர்மாமீட்டர் இல்லையா? துளியை எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள். லேசாகக் குளிர்ந்தால் பதம் சரி.

இப்போது உப்பும் மிளகாய்த்தூளும். பச்சைமிளகாய் ஆகாது, அதில் பெரும்பகுதி தண்ணீர். காரத்தைத் தரும் கேப்சைசின் கொழுப்பில் கரையும் என்பதால் சாக்லேட்டில் நன்றாகக் கலந்துவிடும். கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டி, நொறுங்காமல் புரட்டி, தட்டில் உதிரியாகப் பரப்புங்கள். ஏசி அறை இருந்தால் அங்கேயே உறையட்டும். இல்லையென்றால் இறுக்கமாக மூடிய டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். ஜில்லென்ற சாக்லேட்டின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

மிளகாயும் கோகோவும் பழைய கூட்டாளிகள்தான். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் இரண்டையும் கலந்து நுரைக்க நுரைக்கக் குடித்தார்கள், அதுவும் தண்ணீரில்! 1847-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை நிறுவனம் தண்ணீருக்குப் பதில் உருக்கிய கோகோ வெண்ணெயைச் சேர்த்த பிறகே, கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டி வந்தது.

ஒன்றை வாயில் போடுங்கள். முதலில் மொறுமொறுப்பு, உடனே இனிப்பு, கொஞ்சம் பொறுத்துத்தான் காரம். கேப்சைசின் கொழுப்பிலிருந்து பிரிந்து, நாக்கின் தோலைக் கடந்து நரம்பு நுனியை எட்ட நேரமாகிறது. அங்கே அது பற்றிக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற புரதம், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்துவதற்காக இருப்பது. 1997-ல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ‘நாக்கு எரியுது’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கல்ல. மூளைக்குப் போகும் செய்தியே அதுதான்.

எங்கள் சின்னவள் நாலைந்தை ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு, “தண்ணி, தண்ணி!” என்று ஓடினாள். கேப்சைசினைத் தண்ணீர் கரைக்காது. பாலில் உள்ள கேசின் புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பாலைக் கொடுத்தேன். ஈரக் கரண்டியில் தொடங்கிய கதையில் தண்ணீருக்குக் கடைசிவரை வேலையே இல்லை.