குறி தப்புதல்: கிறிஸ்தவத்தில் பாவமும் மீட்பும்

தமிழ் வேதாகமத்தில் 'பாவம்' என்று வருகிற இடங்களில் எல்லாம் எபிரேய மூலத்தில் ஒரே சொல் இருப்பதில்லை. 'பெஷா' என்பது கலகம், உடன்படிக்கையை முறித்தல். 'ஆவோன்' என்பதற்குக் கோணல் என்று அடிப்பொருள். மிகுதியாக வருவது 'ஹாட்டா' என்ற வினை. அதன் பொருள் குறி தப்புதல். நியாயாதிபதிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் சமயப் பொருளே இல்லாமல் வருகிறது. பென்யமீன் குலத்தில் இடக்கை வீரர் 700 பேர். மயிரிழையைக் குறிவைத்துக் கவண் சுழற்றினாலும் அவர்கள் கல் 'ஹாட்டா' ஆவதில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமார்த்தியா'வும் குறி தப்புதலே. துன்பியல் நாடகத் தலைவனைக் கவிழ்க்கும் பிழைக்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயரும் அதுதான்.

பாவம் என்றதும் தமிழ்க் காதில் புண்ணியமும் சேர்ந்தே ஒலிக்கும். ஒன்று பற்று, மற்றது வரவு. ஒன்று ஏறினால் மற்றதால் ஈடுகட்டலாம். கிறிஸ்தவப் போதனையின் மையத்தில் இந்தக் கணக்கு இல்லை. அங்கே பாவம் முதலில் ஓர் உறவின் முறிவு. தாவீது அரசன் பத்சேபாளைக் கவர்ந்தான். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். இந்நிகழ்ச்சியோடு மரபு இணைக்கும் 51ஆம் சங்கீதமோ, குற்றம் கடவுள் ஒருவருக்கு எதிராகவே செய்யப்பட்டது என்கிறது. உரியா என்ன ஆனான் என்று கேட்கத் தோன்றும், கேட்பது நியாயமும்கூட. மனிதனுக்குச் செய்த தீங்கு சிறிது என்பதல்ல அதன் கருத்து. அந்த மனிதனைப் படைத்தவரைத் தொடாமல் அவனைத் தொட முடியாது என்பதே. பாவத்தின் கனம் இந்த எண்ணத்திலிருந்து பிறக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் சாவைப் பாவம் கொடுக்கும் கூலியாகக் காட்டுகிறார். அவர் ஆளும் கிரேக்கச் சொல், படைவீரனுக்கு அளக்கும் சம்பளத்தைக் குறிப்பது. பாவம் இங்கே ஒரு செயலாக அல்ல, ஆளை வைத்து வேலை வாங்கும் எசமானாக நிற்கிறது.

செயலுக்கு அடியில் இருக்கும் இந்த நிலையை மேற்கத்திய உலகுக்கு விரித்துரைத்தவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவில் 354இல் பிறந்து, ஹிப்போ நகரின் ஆயரானவர். தம் தன்வரலாற்று நூலில் பதினாறு வயதில் நடந்த ஒரு திருட்டை அவர் விடாமல் குடைகிறார். நண்பர்களோடு பேரிக்காய் திருடினார். பசி இல்லை, காய் ருசியும் இல்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். கொலையும் விபசாரமும் இருக்க, பேரிக்காய்க்கு ஏன் இத்தனை பக்கம் என்று எரிச்சல்படும் வாசகர்கள் உண்டு. ஆனால் ஆதாயமே இல்லாத அந்தத் தவறுதான் அவருக்குச் சான்று: எதற்காகவும் இல்லாமல், தவறு என்பதற்காகவே மனம் அதை நாடியது.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாகியுஸ் இதை ஏற்கவில்லை. கட்டளையிடும் கடவுள், கைக்கொள்ளும் திறனையும் மனிதனுக்குக் கொடுத்திருக்க வேண்டாமா? ஆதாம் காட்டியது கெட்ட முன்மாதிரி, அவ்வளவே. இந்த வாதத்தில் கவர்ச்சி இருக்கிறது, பொறுப்புணர்வும் இருக்கிறது. ஆனால் மனிதன் தானே தேறிவிடுவான் என்றால் கிறிஸ்துவும் ஒரு நல்லாசிரியர் என்ற அளவில் நின்றுவிடுவார். கார்த்தேஜில் 418இல் கூடிய சங்கம் பெலாகியுஸின் கொள்கையைத் தள்ளியது. மனிதர் அனைவரும் பிறவியிலேயே பாவ நிலையில் இருக்கிறார்கள் என்ற 'ஜென்மப் பாவ'க் கொள்கை மேற்கில் நிலைத்தது.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் இவ்வளவு தூரம் வரவில்லை. அகுஸ்தீன் படித்த லத்தீன் மொழிபெயர்ப்பு, ரோமர் 5:12இல் எல்லாரும் ஆதாமுக்குள் பாவம் செய்ததாகப் பொருள்படும். கிரேக்க மூலத்தில் அப்படி இல்லை. ஆதாமிடமிருந்து வருவது சாவும் சீர்கேடும்தான், அவன் குற்றம் அல்ல என்பது கிழக்கின் பார்வை. ஆகவே அங்கே பாவம் நோய், மீட்பு மருத்துவம். சுவிசேஷங்களில் இதற்கு இடமுண்டு: பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வாடிய பெண்ணிடமும் எரிகோவின் குருடனிடமும் இயேசு சொல்லும் கிரேக்க வினை, குணமாக்குதலையும் மீட்டலையும் ஒருங்கே குறிக்கும். மேற்கு பெரும்பாலும் நீதிமன்ற மொழியில் பேசியது. கான்டர்பரியின் ஆன்செல்ம் 11ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய நூலில், கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கு அளவற்றது, ஈடு தர வேண்டியவன் மனிதன், தர இயன்றவர் கடவுள், எனவே கடவுள் மனிதரானார் என்று தர்க்கமாக அடுக்கினார்.

கோட்பாட்டுக்கு வெளியே, பாவத்தைச் சொல்லித் தீர்க்கும் வழக்கமும் வளர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்றே இதற்கான கையேடுதான்: என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் 'கொம்பெசியொனாயரு', கொச்சி, 1580. கத்தோலிக்கப் போதனைப்படி சாவான பாவத்துக்கு மூன்றும் கூட வேண்டும்: காரியம் கனமானது, முழு அறிவு, முழுச் சம்மதம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது அற்பப் பாவமே.

1517இல் மார்ட்டின் லூதர் கிளப்பிய பூசலின் வேரும் இங்கேதான். அவர் எதிர்த்ததை நம் பாடநூல்கள் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்கின்றன. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையைக் குறைப்பதே அதன் முறையான பொருள். சந்தையில் விற்றவர்கள் அந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. வரவு செலவுக் கணக்கு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டதை லூதர் கண்டார். மனிதன் விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான் என்றார். கிருபையே முதலில் வருகிறது, ஆனால் மனிதன் அதனோடு ஒத்துழைக்கிறான் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547இல் பதிலளித்தது. 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: மனிதன் ஏற்கப்படுவது அவன் தகுதியால் அல்ல, கிருபையால்.

மீட்பு எப்போது நடக்கிறது என்பதில் இன்னும் ஒருமிப்பு இல்லை. தமிழகத்துப் பெந்தெகொஸ்தே சபைகளில் 'இரட்சிக்கப்பட்டீர்களா?' என்பது இயல்பான கேள்வி. ஆண்டையும் நாளையும் சொல்லிப் பதிலளிப்பவர் பலர். 'மீட்பு' என்ற சொல்லை ஆளும் கத்தோலிக்கர் அப்படி ஒரு தேதியைச் சொல்வதில்லை. திருமுழுக்கில் தொடங்கிச் சாவுவரை நீளும் வழி அது. பவுலின் கடிதங்களிலோ இந்த வினை மூன்று காலங்களிலும் வருகிறது: மீட்கப்பட்டோம், மீட்கப்பட்டு வருகிறோம், மீட்கப்படுவோம்.