மார்பின்: எழுதாத சீட்டுக்குக் கணக்கு இல்லை

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்ற மதிப்பீட்டை, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பும் கெடு நெருங்குகிறது. தருமபுரி மாவட்ட வாசகர்களின் கடிதங்களில் இருப்பது வேறு குழப்பம்: ‘வீட்டுக்கே நர்ஸ் வர்றாங்க, வலி மாத்திரைக்கு மட்டும் ஏன் அலைய விடுறாங்க?’ இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வரும் என்கிறது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர், ஓர் இயன்முறை சிகிச்சையாளர், துணைக்குத் தன்னார்வலர். அரசு இதைக் குழு என்கிறது. படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட இந்தக் குழு போதும். புற்றுநோய் வலிக்குப் போதாது.

பத்துக்கு எத்தனை வலி என்று செவிலியர் கேட்கிறார். நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு ‘பரவாயில்லை’ என்கிறார். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்கிறார் மனைவி. நோட்டில் எட்டு என்று ஏறுகிறது. ஆனால் மார்பின் சீட்டு எழுதும் அதிகாரம் மருத்துவருக்கே. அவரோ நோயாளியின் வீட்டுத் திண்ணையைப் பார்த்ததில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் பயம் வேறு. ‘இப்போதைக்குப் பாராசிட்டமால் கொடுங்க, பார்க்கலாம்’ என்று முடித்துவிட்டால் செவிலியர் மேலே வாதாட முடியாது.

சிக்கல் இதன்பிறகுதான். மருத்துவமனையின் மார்பின் பதிவேட்டில் ஏறுவது கொடுத்த மாத்திரை மட்டுமே. மறுத்த மாத்திரை ஏறாது. போன வருடச் செலவை வைத்தே அடுத்த வருடத் தேவையைக் கணித்தால், ஒருவரின் தயக்கம் மருத்துவமனையின் மதிப்பீடாகிவிடும். இருப்பு குறையும், குறைந்த இருப்பைக் காட்டி அடுத்தவரும் தயங்குவார். ‘இங்கே தேவை குறைவு’ என்று அதிகாரிகள் சொன்னால், அது வலியின் அளவா, தயக்கத்தின் அளவா என்று கேளுங்கள். பல துறைகளிடம் உரிமம் வாங்கும் தொல்லையை போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தம் நீக்கியது, பயத்தை நீக்கவில்லை. மதிப்பீடு எழுதும்போது பதிவேட்டோடு செவிலியர்களின் வலி நோட்டையும் மேசையில் வைத்தால்தான் அது குழுவின் கணக்கு.

மற்ற கேள்விகள்:

மார்பின் சீட்டைச் செவிலியரே எழுதித் தரலாமா? சட்டப்படி முடியாது.

நோயாளி மார்பினுக்கு அடிமையாகிவிடுவாரா? மருத்துவர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுத்தால், அரிது.

ஆயுள் குறையுமா? சரியான அளவில், இல்லை.

மலச்சிக்கல்? வரும், மலமிளக்கியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்? வலியின் அளவை நேரத்தோடு காலண்டரில் குறித்து, மருத்துவரிடமே காட்டுங்கள்.