இதனினும் நல்லதோர் உலகு ஆகாதோ?

சில ஆண்டுகளுக்கு முன், நாகைப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், பங்குனிப் பெருவிழாவின் நான்காம் நாள் இரவு இறைவனது ஐந்தொழிலைப் பற்றி விரித்துரைத்துவிட்டு நாம் மேடையினின்று இறங்கினோம். முதியவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, சாமி அஞ்சு தொழில் செய்யுதுன்னு சொன்னீங்க. அந்த மொதல் தொழிலை இன்னும் கொஞ்சம் நல்லாச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழி முழுமதியன்று காலையில் எழுந்த ஆழிப்பேரலையில் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர் என்பதைக் கோயிலார் பின்னர்க் கூறினர். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று மாண்டோர் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர்.

அவர் கேட்டது நாத்திகம் அன்று. அன்றாடம் கோயிலுக்கு வருபவரே அவ்வாறு கேட்டார். நம் ஆசாரியரும் இத்தகைய வினாவுக்கு அஞ்சினவர் அல்லர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கடவுள் வேண்டுவதில்லை என்னும் உலகாயதனையே முதற்கண் நிறுத்திப் பேசவைத்தார். மறுப்பவனுக்கு முதற்சொல் தந்த சமயம் நம்முடையது.

மேனாட்டிலும் இவ்வினா பெரும்புயலாய் வீசியதுண்டு. செருமானிய அறிஞர் இலைபுநிட்சு 1710இல் வெளியிட்ட நூலில், ஆகக்கூடிய உலகங்களுள் இதுவே தலைசிறந்தது என்று நிறுவ முயன்றார். 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவர்க்கும் உரிய திருநாளன்று, மக்கள் வழிபாட்டுக்குக் கூடியிருந்த காலை வேளையில் போர்ச்சுகலின் இலிசுபன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. கடல் பொங்கி உட்புகுந்தது. எஞ்சியதைத் தீ உண்டது. நான்காண்டுகட்குப் பின் வால்டேர் ஒரு கதை எழுதி, 'தலைசிறந்த உலகு' என்ற கொள்கையை எள்ளி நகையாடினார். இருவருள் எவர் பக்கமும் நாம் சேரவேண்டுவதில்லை. இறைவன் ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் ஆக்கினான் என்று கொண்டால், ஆக்கப்பட்ட பொருளின் குறையெல்லாம் ஆக்கியவன் தலையிலேயே சென்று விழும். அந்த இடர்ப்பாடே இருவரையும் பொருதவைத்தது.

சித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. பதியைப் போலவே உயிரும் அநாதி. உயிரைப் பற்றிய ஆணவமும், செம்பிற் களிம்பு போல அநாதி. உயிரை இறைவன் படைத்திலன். அதன் அழுக்கையும் அவன் படைத்திலன். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணன். அதுபோல மாயையை முதலாகவும், தன் சத்தியைத் துணையாகவும் கொண்டு, தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்க்கு அளிக்கின்றான். எதற்காக? அழுக்கு நீங்குதற்காக. எனவே உலகம் விருந்தினர்க்கென எழுப்பிய மாளிகை அன்று. நோயாளிக்கென எழுப்பிய மருத்துவமனை. மாளிகை என்று எண்ணிப் புகுந்தவன், 'கட்டில் கடினமாயிருக்கிறது, மருந்து கசக்கிறது' என்று குறைகூறிக்கொண்டே இருப்பான்.

எல்லாம் வல்லவன் ஒரு நொடியில் நோயைத் தீர்த்தால் என்ன என்பர். கண்படலம் முற்றிய பின்னரே மருத்துவன் அதனை உரிப்பான் என்று இதற்கு உவமை கூறுவது பழைய வழக்கம். நாமும் நெடுங்காலம் கூறிவந்தோம். இக்காலத்துக் கண் மருத்துவர் முற்றும்வரை காத்திருப்பதில்லை என்று ஓர் அன்பர் திருத்திய பின் அவ்வுவமையை விட்டொழித்தோம். பழுக்காத காயைத் தடிகொண்டு அடித்துக் கனியாக்க இயலாது என்பதோடு இப்போது நிறுத்திக்கொள்கிறோம்.

அங்ஙனமாயினும், வலியில்லாத மருத்துவமனை ஒன்றை அவன் அமைத்திருக்கலாகாதா? இதற்கு ஏட்டில் இல்லாத விடை ஒன்று வேலூரில் கிடைத்தது. 1946இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர், தொழுநோயாளரின் கைகால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை உலகம் எண்ணியிருந்தது. அவர் கண்டது வேறு. நரம்பு மரத்துப் போனமையால், நெருப்பில் விழுந்ததைக் கையாலேயே எடுப்பர். காலிற் புண் இருப்பது தெரியாமல் மேலும் மேலும் நடப்பர். நோவு இல்லாமையே அவர்தம் உறுப்புகளைச் சிதைத்தது.

பின்னர் அமெரிக்கா சென்ற அவர், நோவுக்கு மாற்றாக ஒரு கருவி செய்ய முனைந்தார். கையுறையிலும் காலணியிலும் உணர்கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகுந்தால் ஒலி எழச் செய்தார். நோயாளர் ஒலியைக் கேட்டும் கேளாதவராய்த் தம் வேலையைத் தொடர்ந்தனர். ஒலிக்குப் பதில் மின்னதிர்ச்சி தருமாறு மாற்றினார். அவர்களோ, வேலை முடியும்வரை கருவியை நிறுத்திவைத்துக்கொண்டனர்! நோவாத எச்சரிக்கை பயன்படவில்லை. நொந்த எச்சரிக்கையோ, அணைக்கும் விசை தம் கையில் இருந்தமையால் பயன்படவில்லை. இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நோவினும் நல்லதொரு காவலை அமைக்கப் புகுந்த பேரறிஞர், நோவை வியந்து நின்றார். அவர் வேற்றுச் சமயத்தவர். எனினும் மறைத்தலும் அருளே என்னும் நம் கோட்பாட்டைப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் அவர் நினைவே நமக்கு வருகிறது.

ஆயின், கையைச் சுடும் நெருப்பு வேறு, குழந்தையை வாரிச்செல்லும் அலை வேறு. அக்குழந்தை எந்த எச்சரிக்கையை மீறியது? நிலத்தட்டுகளின் நகர்ச்சியே நடுக்கத்துக்குக் காரணம் என்பர். அந்நகர்ச்சியே இமயத்தையும் உயர்த்தியது என்பர். இமயம் இன்றேல் கங்கை இல்லை என்று நாமும் பேசலாம். பிள்ளையை இழந்தவன் முன் அப்பேச்சு நில்லாது.

'வினைப்பயன்' என்று ஒரு சொல்லில் முடிப்பாரும் உளர். பிராரத்த வினை நுகர்ந்தே தீரும் என்பது நம் கொள்கையே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், எவ்வுயிர்க்கு எவ்வினை எப்போது என்பதை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. அவனொருவனே அறிந்ததை நாமும் அறிந்தவர்போல் அயலார் வீட்டு முற்றத்தில் நின்று கூறுதல் ஆணவத்தின் வேலை. தன் துன்பத்தை எண்ணித் தான் தேறுதற்கு அமைந்தது அக்கொள்கை. பிறர் துன்பத்தைக் கண்டு நாம் வாளாவிருத்தற்கு அமைந்ததன்று.

மற்றொன்றும் உண்டு. சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும், அலை நம் கரையை எட்டியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. குழந்தைகள் மேட்டுக்கு ஓடிச்செல்ல அது போதும். அடி ஓரிடத்தில் பட்டது. பட்டதை மற்றோரிடத்துக்குச் சொல்ல நரம்பு இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டு மையம் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. பசிபிக் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகள் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அதனைச் செய்திருந்தன. உலகின் அமைப்பில் குறை தேடுங்கால், நாம் மரத்துக் கிடந்த பங்கையும் கணக்கிற் சேர்த்தல் நேர்மையாம். அதைச் சேர்த்த பின்னும் எஞ்சும் துயரம் பெரிது. அதனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

இவற்றுள் எதனையும் அன்றிரவு அப்பெரியவரிடம் நாம் கூறவில்லை. நூலில் இருப்பதெல்லாம் நாவில் வரவில்லை. "பிள்ளைகளின் பெயர் என்ன, ஐயா?" என்று மட்டும் கேட்டோம். சொன்னார். விழா முடிந்த மறுநாள் அந்தியில் அவ்விருவர்க்காகவும் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவித்தோம். அவரும் வந்து, தீபம் அணையும்வரை எம் அருகில் அமர்ந்திருந்தார்.