அம்பாசடருக்கு டைமிங் வைப்பது

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கணினி கிடையாது. பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர்தான் தீர்மானிக்கிறது.

பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு பொறி விழுந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பற்றிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவ ஓரிரு மில்லிநொடி பிடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒரு மில்லிநொடிக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுந்தாக வேண்டும். ஐட்லிங்கில் 800 சுற்றுதான். அங்கே அவ்வளவு முந்தத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பவை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் பூட்டிய இரண்டு சிறு எடைகள். வேகம் கூடக் கூட அவை விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும். இவ்வளவு எளிய ஏற்பாடு இத்தனை நுட்பமாக வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

முதலில் பாயிண்ட் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறக்கும்போதுதான் பொறி விழும். ஃபீலர் கேஜில் 0.015 அங்குலம் வைக்கலாம். டைமிங் வைத்த பிறகு இதைத் தொட்டால் செய்த வேலை வீண். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறந்து டைமிங்கும் முந்திவிடும்.

அடுத்து டைமிங் லைட். அதன் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டி, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் லைட்டை கிராங்க் புல்லிமேல் அடியுங்கள். பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னுவதால், சுழலும் புல்லி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ரேடியேட்டர் விசிறியும் அப்படியே கண்ணை ஏமாற்றக்கூடும். கையும் சட்டை நுனியும் அருகில் போகக் கூடாது. புல்லியில் உள்ள வெட்டு, கையேடு சொல்லும் டிகிரிக்கு நேரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது பொறி முந்தும்; அதே திசையில் திருப்பினால் ரிடார்ட், பொறி பிந்தும். ரோட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், டிஸ்ட்ரிபியூட்டரை 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி மாறும்.

காதால் கேட்டே டைமிங் வைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனால் எடைகள் துருவேறி இறுகிய வண்டியும் ஐட்லிங்கில் நன்றாகவே ஓடும். லைட்டைப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். வெட்டு சீராக நகர வேண்டும். நகரவில்லையென்றால் எடைகளைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் துள்ளினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம்.

கடைசியில் ஒரு மேட்டில் டாப் கியரில் அழுத்திப் பாருங்கள். இழுவை இல்லாமல் எஞ்சின் சூடேறினால் ரிடார்ட் அதிகமாகியிருக்கலாம். கடகடவென்று நாக்கிங் கேட்டால் அட்வான்ஸ் அதிகம்; அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பாழாகும். ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி லைட் அடித்துப் பாருங்கள். இறுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் சற்று நகர்ந்துவிடுவதுண்டு.