வீடும் திரையும் – 6: பொன்மணியின் வீடு

சென்ற வாரம் ‘குத்துவிளக்கு’ பற்றிப் பார்த்தோம். வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கி 1972இல் வந்த அந்தப் படம், ஒரு கமக்காரக் குடும்பத்தின் கஷ்டத்தை ஊரறியக் காட்டியது. உழைப்பின் கஷ்டத்தை ஊருக்குச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. ஐந்து வருடம் கழித்து வந்த ‘பொன்மணி’ போய் நின்ற இடம் வேறு. ஊருக்குச் சொல்லக்கூடாது என்று யாழ்ப்பாணத்து வீடு எதை வைத்திருந்ததோ, அந்த இடத்தில் அது கமெராவை வைத்தது.

கதை சிறியது. பெயரும் பழைய கௌரவமும் மிஞ்சியிருக்க, கைப்பிடி தளர்ந்துபோன ஒரு வெள்ளாளக் குடும்பம். மூத்தவளுக்குச் சீதனம் சேரவில்லை. கலியாணம் தள்ளிக்கொண்டே போகிறது. அக்கா இருக்கத் தங்கைக்குப் பேச்செடுக்க முடியாது. அந்தத் தங்கை பொன்மணி, வீட்டார் சாதியில் தங்களுக்குக் கீழே என்று வைத்திருக்கும் ஒருவனை விரும்பி, படலையைத் தாண்டிப் போய்விடுகிறாள். அவள் கொலையில் படம் முடிகிறது.

இருண்ட குடும்பக் கதை என்றால், கடைசி ரீலில் ஓர் உண்மை உடைபட வேண்டும் என்று நாங்கள் பழகியிருக்கிறோம். பெட்டிக்குள் ஒரு கடிதம் இருக்கும், அல்லது இறந்ததாகச் சொன்னவர் உயிரோடு வருவார். ‘பொன்மணி’யில் அப்படி எதுவும் உடைபடாது. அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அக்காவுக்கு ஏன் கலியாணம் ஒப்பேறவில்லை, காசு எங்கே போனது, தங்கை யாரைப் பார்க்கிறாள், எல்லாம் தெரியும். தெரிந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேச்சைவிட மௌனம் கூடிய படம் இது. அதை மெதுவான படம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்த மெதுவில்தான் படத்தின் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். சொல்லாமல் விடுவது எப்படி ஒரு வீட்டின் அன்றாடப் பழக்கமாகிறது என்பதை வேகமாகக் காட்ட முடியாது.

ஒரு சீதனத்துக்காக ஏன் ஒரு வீடே வாயடைத்துப்போக வேண்டும் என்று இளையவர்கள் கேட்கலாம். அதற்குத் தேசவழமையைத் தெரிந்திருக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம் அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது பிரித்தது. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்குத் தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் பங்கில்லை. அவளுக்கு எழுதியதுதான் அவளுடையது. கலியாணம் ஆகும்வரை ஆண்பிள்ளைகளின் உழைப்பு பெற்றோரின் பொதுச்சொத்தோடு சேரும் என்பதும் அந்தத் தொகுப்பில் உள்ளது. சகோதரிமாரைக் கரைசேர்க்கும்வரை தம்பி தன் வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற எங்கள் ஊர் நியாயத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சிலவற்றை மாற்றியது. ஆனாலும் தன் பெயரில் எழுதிய சீதனக் காணியை விற்பதற்குப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற நிலை மாறவில்லை. பெண்ணின் பெயரில் உறுதி இருக்கும், பிடி அவள் கையில் இருக்காது.

ஆகவே ஒரு கலியாணப் பேச்சு என்பது ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கையும் வெளியே எடுத்து வைக்கிற நேரம். எந்தக் காணி ஈட்டில் கிடக்கிறது, எந்த வளவில் யாருக்குப் பங்கு, எவ்வளவு டொனேசன் கொடுக்க முடியும் என்று எல்லாம் பேசப்படும். புறோக்கர் வரும் நாளில் அந்தக் கணக்கை மறைக்க வேண்டியிருக்கிறது. மறைத்துப் பழகிய வீட்டில் பிறகு எல்லாமே மறைபொருளாகிவிடும். வட்டிக் கடன், மூத்தவளின் வயது, பெரியப்பாவின் இரண்டாம் குடும்பம், புத்தி சுகமில்லாத சித்தி எல்லாம் அதற்குள் போய்விடும். எல்லாவற்றுக்கும் அடியில் ‘அவை என்ன ஆக்கள்?’ என்ற கேள்விக்கான பதில் கிடக்கும். ஒரு பெண் வேறு ஆக்களோடு போய்விட்டால், அவளோடு மட்டும் அது முடிவதில்லை. அவளுடைய அக்காவின் சம்பந்தமும், பிறக்காத பெறாமகளின் சம்பந்தமும் கெட்டுவிடும் என்று வீடு நம்புகிறது. பொன்மணியின் கொலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது. கொலையாளியைக் கெட்டவனாகக் காட்டி மற்றவர்களை விடுவித்துவிடாமல், ஒரு முழு வீட்டின் பொறுப்பாக அந்தச் சாவை வைத்ததுதான் இந்தப் படத்தின் பெருமை.

அந்தக் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது, பொலிஸ் அடித்தது. தேநீர்க் கடைகளில் போராட்டம் நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் இருந்தார்கள். 1972இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ வந்தது. கடை திறந்தது, கிணறு திறந்தது, கோயிலும் ஓரளவு திறந்தது. கலியாண வீட்டின் கதவு மட்டும் திறக்கவில்லை. சட்டமும் ஊர்வலமும் போக முடியாத அந்த உள்ளறைக்குள் போக ஒரு கதைதான் வேண்டியிருந்தது. டானியல் ஒடுக்கப்பட்டவரின் பக்கமிருந்து எழுதினார். ‘பொன்மணி’ ஒடுக்கியவரின் வீட்டுக்கு உள்ளேயிருந்து சாட்சி சொன்னது. இரண்டும் தேவை.

கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. ஊர்காவற்றுறைப் பக்கத்து மனிதர், சிறுகதையாளர், வானொலிக்காரர். இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, கண்டியைச் சேர்ந்த சிங்களவர். 1974இல் ‘அஹஸ் கவ்வ’ எடுத்துச் சிங்கள சினிமாவின் போக்கை மாற்றத் தொடங்கியவர். யாழ்ப்பாண வளாகத்தில் அப்போது அவர் விரிவுரையாளராக இருந்தார். வளாகம் 1974இல்தான் ஆரம்பித்திருந்தது, கைலாசபதி அதன் தலைவர். எழுத்தாளரும் மருத்துவருமான நந்தி, மௌனகுரு, சித்திரலேகா, குழந்தை ம. சண்முகலிங்கம், கமலா தம்பிராஜா என்று படத்தில் வந்தவர்களில் பலர் நாடகத்திலும் எழுத்திலும் வானொலியிலும் ஊரறிந்தவர்கள். வெளியூரான் ஒருவன் எங்கள் வீட்டைப் படம் பிடித்துவிட்டான் என்று இதைத் தள்ள முடியாது. சொன்னவரும் நடித்தவர்களும் எங்கள் ஆட்கள். ஆனால் ‘நீங்கள் எந்தப் பகுதி?’ என்று யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்டு இடம் ஒதுக்க முடியாத ஒருவராக பத்திராஜா இருந்தது படத்துக்கு உதவியது. அந்த வீட்டில் யாருக்கும் அவர் கடமைப்பட்டிருக்கவில்லை.

படம் ஓடவில்லை. வின்சர், மனோகரா, ராஜா, ராணி என்று கொட்டகைகள் நிறைய இருந்த ஊர் அது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் வரிசையில் நின்ற ஊர். சண்டையும் நீண்ட வசனமும் இல்லாத படத்துக்கு அங்கே பொறுமை இருக்கவில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மற்றப் பாதியைக் காலத்தில் பார்க்கிறேன். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 யூலையில் தேர்தல், ஆகஸ்டில் தமிழர் மீது கலவரம். தமிழர் எல்லாரும் ஒன்று என்று சொல்ல வேண்டியிருந்த வருடம் அது. அந்த வருடத்தில், நாங்கள் ஒன்றல்ல, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தியை இதற்காகக் கொல்கிறோம் என்று சொன்ன படத்தை யார் கேட்பார்கள்? வெளிப்பகை பெரிதாகும்போதெல்லாம் உள்வீட்டுக் குற்றத்தைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தோம். அந்தப் பிறகு வரவே இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பொன்மணியின் வீட்டை அறிந்த அளவுக்கு அவள் விரும்பியவனின் வீட்டைப் படம் அறியவில்லை. அவன் பக்கத்துத் தாயும் சகோதரங்களும் இந்தச் சாவோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பின்னர் யுத்தம் வந்தது. வீடுகள் மறைக்க வேண்டியவையும் கூடின. எந்தப் பிள்ளை எந்த இயக்கத்துக்குப் போனது, யாரை யார் காட்டிக்கொடுத்தது என்று. இந்த இரண்டாவது மௌனத்தைத் தொட்டது கனடாவின் ஹெலன் க்ளொடாவ்ஸ்கி 2005இல் எடுத்த ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ என்ற ஆவணப்படம். 1989 செப்டெம்பர் 21இல் திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகமவின் கதை அது. ‘பொன்மணி’ வந்த அதே 1977இல், அவர் தன் இனத்துக்கு வெளியே, தென்னிலங்கைக் கிராமத்திலிருந்து வந்த தயாபால திராணகமவை மணந்துகொண்டார். ஆவணப்படத்தில் ராஜினியாக நடித்திருப்பவர் அவருடைய மகள் ஷாரிகா. ராஜினியின் சகோதரி நிர்மலா அதில் கமெராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் தன் காயத்தைத் தன் பெயரோடு, தன் முகத்தோடு சொன்னதை அதற்கு முன் நான் திரையில் கண்டதில்லை.

பத்திராஜா 2018 ஜனவரியில் காலமானார். இன்றைக்கும் எங்கள் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பக்கத்தில் ‘உயர் வேளாளர்’ அச்சாகிறது. கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரில் விசாரித்துப் பார்க்கச் சொல்லித் தொலைபேசி வருகிறது. யுத்தம் வீட்டுக் கூரைகளைக் கொண்டுபோன பிறகும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. ‘பொன்மணி’ யாழ்ப்பாணப் பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்பட வேண்டும். காட்டிய பிறகு ஆசிரியர் ஒருவர் கூட இருந்து பேச வேண்டும்.

1977இல் இந்தப் படத்தை யாழ்ப்பாணக் கொட்டகையில் பார்த்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பீர்கள். எந்தக் கொட்டகை, யாரோடு போனீர்கள், வீட்டுக்கு வந்து அதைப் பற்றி யாரோடாவது பேசினீர்களா என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

(அடுத்த வாரம்: வாடைக்காற்று)