கேமரா தானாகத் திரும்பியது

"தம்பி, நேத்து ராத்திரி நீ கேமராவைத் திருப்புனியா?"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். நான் வேலை செய்வது கிள்ளானில். அப்பா மறைந்த பிறகு அம்மாவின் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தினோம். கைப்பேசித் திரையை விரலால் தள்ளினால் அதன் தலை இடமும் வலமும் திரும்பும். எப்போதும் வாசலைப் பார்த்திருக்கும் கேமரா, அன்று காலை அம்மாவின் படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் திருப்பவில்லை. முந்தைய இரவு பத்து மணிக்கே தூங்கிவிட்டேன்.

முதலில் எளிய விளக்கத்தைத் தேடினேன். அசைவைக் கண்டால் அதைத் தானே பின்தொடரும் வசதி இத்தகைய கேமராக்களில் உண்டு. ஒருவேளை ஒரு பூனையோ பல்லியோ காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தது. அடுத்து, யார் எப்போது கேமராவுக்குள் நுழைந்தார்கள் என்பதைக் காட்டும் பதிவைத் திறந்தேன். பின்னிரவில் ஒரு நுழைவு இருந்தது. அந்த முகவரி எங்கள் வீட்டார் எவருடையதும் அல்ல. கடவுச்சொல்லை ஒரு முறைகூடத் தவறாகப் போடாமல், முதல் முயற்சியிலேயே உள்ளே வந்திருக்கிறார்கள்.

எப்படி? கேமராவைப் பொருத்தியவர், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுச் சென்றிருந்தார். அதை மாற்றாமல் இருந்தது என் தவறு.

மாணவர்களே, தீபாவளிக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது, பூட்டிய வீட்டைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்று ஏராளம். பெரும்பாலும் அதை அமைத்துக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். நாம் பார்ப்பதற்காகத் திறக்கும் பாதை மற்றவர்களுக்கும் பாதையாகலாம். அது எப்படி அமைகிறது என்று தெரிந்தால்தான், அதில் யார் வரலாம் என்பதை நாம் முடிவு செய்ய முடியும்.

காப்பிப் பாத்திரத்தில் தொடங்கிய கதை

தூரத்திலிருந்து பார்க்கும் ஆசை புதிதல்ல. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காப்பி போடும் இயந்திரம் ஒன்று இருந்தது. மற்ற மாடிகளிலிருந்து இறங்கி வருபவர்கள் காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்து திரும்புவார்கள். எனவே, அங்கிருந்த ஆய்வாளர்கள் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அவர்களின் கணினித் திரையில் தெரிந்தது.

தொடக்கத்தில் அந்தப் படம் ஆய்வகத்தின் உள்வலையமைப்பில் மட்டுமே தெரிந்தது. 1993 நவம்பரில் அதை உலகளாவிய வலையுடன் இணைத்தார்கள். உடனே உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடிந்தது. 2001இல் நிறுத்தப்படும் வரை அது உலகப் புகழுடன் இருந்தது.

காப்பிப் பாத்திரத்தை முன்பின் தெரியாதவர் பார்த்தால் நமக்கு இழப்பில்லை. வரவேற்பறை அப்படியல்ல. உள்வலை, வெளிவலை என்ற இந்த வேறுபாட்டை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தேவை. அதை ஐபி முகவரி என்கிறோம். இன்னும் பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பு முகவரியில் 32 இருமை இலக்கங்கள் உள்ளன. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. ஆகவே மொத்த முகவரிகள் 2இன் அடுக்கு 32, அதாவது 4,294,967,296. உலக மக்கள்தொகையோ 8 பில்லியனைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒன்றுகூட வராது.

எனவே, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பொதுவாக ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அது ரவுட்டரின் முகவரி. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 போன்ற உள்முகவரியை ரவுட்டர் கொடுக்கிறது. இதே உள்முகவரி உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். வெளியுலகில் அதற்கு மதிப்பில்லை.

இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பாக எண்ணிப் பாருங்கள். வாசலில் ஒரு பாதுகாவலர் இருக்கிறார். 12ஆம் மாடியில் இருப்பவர் உணவு வரவழைத்தால், அந்த உணவைக் கொண்டுவருபவரைப் பாதுகாவலர் உள்ளே விடுவார். அழைக்காமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டரும் அப்படித்தான். உள்ளிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. கேட்டதற்குப் பதில் வந்தால் உரிய கருவியிடம் அனுப்புகிறது. கேட்காமல் வருவதைத் தள்ளிவிடுகிறது.

இப்போது சிக்கல் புரிகிறதா? வெளியூரில் இருக்கும் உங்கள் கைப்பேசியும் கேமராவுக்கு அழைக்காத விருந்தாளிதான். பாதுகாவலரைத் தாண்டி அது எப்படி உள்ளே போகும்?

மூன்று வழிகள்

முதல் வழி, போர்ட் திறப்பு. ஒரு முகவரியில் பல சேவைகளைப் பிரித்தறிய 65,535 வரையிலான போர்ட் எண்கள் உள்ளன. "இந்த எண்ணைச் சொல்லி வருபவரை நேராகக் கேமராவிடம் அனுப்பு" என்று ரவுட்டரில் நிலையான கட்டளை கொடுக்கலாம். எளிது, வேகமும் அதிகம். ஆனால் அந்த எண்ணை யார் சொன்னாலும் பாதுகாவலர் விட்டுவிடுவார். திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடி முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அம்மாவின் வீட்டில் நடந்தது இதுதான். கதவு திறந்திருந்தது, சாவியும் பொதுச் சாவி.

சில கேமராக்கள் உங்களிடம் சொல்லாமலே ரவுட்டரிடம் பேசிப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். இதற்கு உதவும் வசதியின் பெயர் யூபிஎன்பி.

இரண்டாம் வழி, இடைநிலை வழங்கி. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் இந்த முறையில் இயங்குகின்றன. கேமராவே உள்ளிருந்து வெளியே சென்று, தயாரிப்பாளரின் வழங்கிக் கணினியுடன் தொடர்பை ஏற்படுத்தி வைத்திருக்கும். உங்கள் கைப்பேசியும் அதே வழங்கிக்குச் செல்லும். அங்கே இரண்டும் சந்திக்கின்றன. வீட்டில் கதவு எதையும் திறந்து வைக்கத் தேவையில்லை. ஆனால் நம்பிக்கை இடம் மாறுகிறது. அந்த நிறுவனத்தையும், உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் நீங்கள் நம்ப வேண்டும். ஒரு விளையாட்டுத் தளத்தில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே இங்கும் வைத்திருந்தால், அங்கே கசிந்தது இங்கேயும் கதவைத் திறந்துவிடும்.

மூன்றாம் வழி, விபிஎன். இது மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கப்பாதை. வீட்டு ரவுட்டரிலேயே இதை அமைத்தால், கைப்பேசி முதலில் தன்னை நிரூபித்துவிட்டு உள்வலைக்குள் வரும். பிறகு அது வீட்டிலிருக்கும் கருவி போலவே கேமராவைப் பார்க்கும். குடியிருப்பாளரின் நுழைவு அட்டை போன்றது இது. அமைக்கச் சற்றுப் பொறுமை வேண்டும், எல்லா ரவுட்டர்களும் இதற்கு இடம் தருவதில்லை.

60 கடவுச்சொற்கள் செய்த வேலை

தொழிற்சாலைக் கடவுச்சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் 2016இல் கண்டது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடியது. கண்டவற்றில், ஏறக்குறைய 60 தொழிற்சாலைப் பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பெரிய தந்திரம் எதுவும் இல்லை. அவ்வளவிலேயே இலட்சக்கணக்கான கருவிகள் அதன் பிடியில் சிக்கின.

2016 அக்டோபர் 21ஆம் நாள், அப்படிச் சிக்கிய கருவிகள் ஒரே நேரத்தில் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழங்கிகளைத் தாக்கின. இணையத்தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தருவது அந்த நிறுவனத்தின் பணி. அதனால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் பலரால் திறக்க முடியவில்லை. மிராயை உருவாக்கியதாக மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளியானது. அவர்களுக்கு அப்போது வயது 20, 21தான்.

நாடுகள் இப்போது விழித்துக்கொண்டுள்ளன. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, வீட்டுக் கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது சட்டவிரோதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான்கு இலக்க எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால் 10,000 வாய்ப்புகள் மட்டுமே உள்ளன. நொடிக்கு 10 முறை முயன்றால் 1,000 நொடிகளில், அதாவது 17 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 12 சிறிய ஆங்கில எழுத்துகளை ஒழுங்கின்றித் தேர்ந்தால் வாய்ப்புகள் 26இன் அடுக்கு 12. அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயல ஏறக்குறைய 300 மில்லியன் ஆண்டுகள் ஆகும். நீளம் கூடக்கூடப் பாதுகாப்பு பெருக்கல் முறையில் வளர்கிறது. ஆனால் பெயரும் பிறந்தநாளும் ஒழுங்கற்ற எழுத்துகள் அல்ல என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 2,073,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 15 படங்கள் என்றால், நொடிக்கு ஏறக்குறைய 746 மில்லியன் பிட் அனுப்ப வேண்டும். கேமரா அப்படிச் செய்வதில்லை. முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை முக்கியமாக அனுப்பி, அதை 2 மில்லியன் பிட் அளவுக்குச் சுருக்கிவிடலாம். அப்படியும் ஒரு மணி நேரம் பார்த்தால் 900 மெகாபைட் செலவாகும். உங்கள் கைப்பேசித் தரவுத் திட்டத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. நொடி காட்டும் கடிகாரத்தைக் கேமராவின் முன் வையுங்கள். அருகிலேயே கைப்பேசியில் அதன் படத்தைத் திறந்து, இரண்டுக்கும் உள்ள நேர வேறுபாட்டைக் குறியுங்கள். முதலில் வீட்டு வைஃபையில், பிறகு கைப்பேசித் தரவில். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. 250 கிலோமீட்டரைக் கடக்க 1.25 மில்லிநொடி போதும். நீங்கள் காணும் தாமதம் அதைவிடப் பல நூறு மடங்கு இருக்கலாம். மீதி நேரம் எங்கே போனது? படத்தைச் சுருக்க, விரிக்க, சேர்த்துவைத்துக் காட்ட என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டுப் பெரியவர்களின் அனுமதியுடன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. கேமரா, கேமராவின் செயலிக் கணக்கு, ரவுட்டர் ஆகிய மூன்றுக்கும் நீளமான, வெவ்வேறு கடவுச்சொற்களை வையுங்கள்.

2. செயலியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் அதை இயக்குங்கள். கடவுச்சொல் கசிந்தாலும் இன்னொரு பூட்டு இருக்கும்.

3. ரவுட்டரில் திறந்துள்ள போர்ட் கட்டளைகளை நீக்கி, யூபிஎன்பியை அணையுங்கள்.

4. கேமராவின் உள்மென்பொருளுக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் கேமராவை அதில் இணையுங்கள். கேமரா பிடிபட்டாலும், மற்ற வைஃபையில் இருக்கும் உங்கள் கணினியை எளிதில் நெருங்க முடியாது.

6. படுக்கையறையும் குளியலறைக் கதவும் கேமராவின் பார்வையில் படக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கேமராவைத் திறக்க முடிகிறதா என்று முயன்று பார்க்காதீர்கள். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். உங்கள் கேமராவில் யாரோ நுழைந்ததாகத் தெரிந்தால், பதிவைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, சைபர்செக்கியூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவிச் சேவையிடம் புகார் செய்யலாம்.

அன்று நான் முதலில் செய்தது, அம்மாவைக் கேமராவின் மின்செருகியைப் பிடுங்கச் சொன்னதுதான். அடுத்த வாரம் ஊருக்குப் போய், பழைய அமைப்புகளை அழித்து எல்லாவற்றையும் புதிதாக அமைத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டைப் பார்க்க வைக்கிறியா, என்னைப் பார்க்க வைக்கிறியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பொருத்தும் முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேமரா வெளியே, முன்வாசல் கேட்டைப் பார்த்தபடி இருக்கிறது. செயலி அம்மாவின் கைப்பேசியிலும் உண்டு. போன வாரம் அவரே அழைத்தார்: "தம்பி, கேமராவுக்குப் புதுப்பிப்பு வந்திருக்குன்னு காட்டுது. நீ இன்னும் போடலையே?"