நம் விளையில் நிற்கும் மரம் யாருடையது?

நம் மாவட்டத்தில் வீட்டைச் சுற்றியுள்ள விளையில் ஒரு தேக்கோ, அயனியோ, பலாவோ நில்லாத வீடு அரிது. மகளின் திருமணச் செலவிற்கும், புதுவீட்டின் கதவு நிலைக்கும் என்று கருதியே நம் பாட்டனார் மரம் வளர்த்தனர். வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் மரமே அவர்களுடைய சேமிப்பு. ஆயினும், அம்மரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றங்களை நாமும் அறிந்திருத்தல் நலம்.

திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை 'ராஜ விருட்சங்கள்' எனப்பட்டன. தனியார் வசமிருந்த நிலங்கள் பலவற்றிலும் அவை அரசுக்கே உரியவையாக இருந்தன. காப்பதற்காக இயற்றிய சட்டமே சில வேளை கேடாகவும் முடிந்தது. தமக்குப் பயன் தராத மரத்தை யார்தாம் விரும்பி வளர்ப்பர்? சந்தனக் கன்று தானே முளைத்தால், பின்னால் தொல்லை வரும் என்று அஞ்சிப் பிடுங்கி எறிந்தோரும் உண்டு.

அப்படியாயின் சட்டமே வேண்டாம் என்று கூறிவிடலாமா? அதுவும் தவறே. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், அதற்குப் பின் எழுந்த பெருஞ்சாணி அணையும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தருகின்றன. மலைச்சரிவில் மரம் இல்லையேல் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். அணையில் சேறு சேரும். மலையில் ஒருவர் வெட்டும் மரத்தின் விளைவைக் கீழே வயலில் நிற்பவர் அனுபவிக்கிறார். இதனாலேயே 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றிக் காட்டை விற்பதையும் அழிப்பதையும் தடுத்தது. 1956 நவம்பர் 1இல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்தபின், மலையோரப் பட்டா நிலங்கள் சிலவும் இதன்கீழ் வந்தன. ரப்பர் மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிவிடும். அதனை வெட்டி மறுநடவு செய்தாக வேண்டும். அதற்கும் இச்சட்டம் தடையாகிறது என்பது ரப்பர் விவசாயிகளின் நெடுநாளைய குறை.

அண்மைக் காலத்தில் அரசின் போக்கு மாறி வருவதைக் காண்கிறோம். தமிழகத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், தம் நிலத்தில் சந்தனம் வளர்ப்போருக்கு அதன்மீது உரிமை அளித்தது. ஆயினும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடைபெறல் வேண்டும். 2014இல் மத்திய அரசு தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமென்றே கணக்கிட்டிருந்தது. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது என்பது தாவரவியல் பயிலும் மாணவியர் அறிந்ததே! காட்டிற்கு வெளியே வளரும் மூங்கில் அப்பட்டியலிலிருந்து நீங்கியது 2017இல்தான்.

2021-22இல் தமிழக அரசு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கியது. வரப்போரமாயின் ஏக்கருக்கு 50, நிலம் முழுவதுமாயின் 160 என்ற கணக்கில் மரக்கன்றுகளை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. அத்துடன், உயிரோடிருக்கும் கன்றுகளுக்குப் பராமரிப்பு ஊக்கத்தொகையும் உண்டு என்றது. நட்ட கன்றுக்கன்று, பிழைத்த கன்றுக்கே பணம் என்பதே இதில் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. கன்று நடும் விழாவிற்குக் கூட்டம் கூடும். கோடையில் தண்ணீர் ஊற்றத்தானே ஆள் இருப்பதில்லை! அமெரிக்க நாட்டிலும் 1985 முதல், மண்ணரிப்புக்குள்ளாகும் நிலத்தை உழாமல் புல்லும் மரமும் வளர்க்கும் விவசாயிகளுக்கு அரசு ஆண்டுதோறும் வாடகை தந்து வருகிறது.

தண்டனைக்கு அஞ்சிக் காப்பதினும், தனக்குப் பயனுண்டு என்றறிந்து காப்பதே நிலைக்கும் என்பது இம்மாற்றங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஆனால் சலுகை கிடைத்ததென்று மலைச்சரிவை மொட்டையாக்கினால், நாளை வயலுக்கு நீர் இராது. உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே வருபவை.

ஆதியில் இறைவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே என்று விவிலியம் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலும், இவ்வுலகம் நம் எல்லாருக்கும் பொதுவான இல்லம் என்று நினைவூட்டியது. எனவே இவ்விடுமுறையில் நம் விளையில் நிற்கும் மரங்களை எண்ணிப் பார்ப்போம். அவற்றை நட்டவர் யார் என்று பாட்டியிடம் கேட்போம். அவை கிராம அடங்கலில் பதிவாகியுள்ளனவா என்று அப்பாவிடம் விசாரிப்போம். இடமிருந்தால் ஒரு கன்றேனும் நட்டு, அடுத்த கோடை வரையிலும் அதற்கு நீர் ஊற்றுவோம்.